மின்வாகனமும் ஊர் நிர்வாகமும்: கேள்வி பதில்

கே: பேட்டரி, மோட்டார் ஆராய்ச்சியெல்லாம் கம்பெனிக்காரர்கள் பாடு. இதில் மாநகராட்சிக்கு என்ன வேலை சார்?

ப: பேருந்து வாங்குவது, டாக்ஸிக்கு உரிமம் தருவது, தெருவோரம் சார்ஜர் வைக்க இடம் விடுவது எல்லாம் பெரும்பாலும் யார் கையில் இருக்கிறது? லண்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரி முதல் புதிதாக உரிமம் கேட்கும் டாக்ஸி, குறைந்தது 30 மைலாவது புகையில்லாமல் ஓடியாக வேண்டும் என்றார்கள். குறுகலான தெருவில் பின்வாங்காமல் ஒரே வளைவில் திரும்ப வேண்டும் என்ற பழைய விதியும் அப்படியே இருந்தது. இரண்டையும் சமாளிக்க வந்த வண்டியில் சக்கரத்தைச் சுற்றுவது மின்மோட்டார் மட்டும்தான். கூடவே ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சின் உண்டு. அதன் வேலை மின்சாரம் தயாரித்துக் கொடுப்பதோடு சரி. நாள் முழுக்க ஓடும் டாக்ஸி நடுவழியில் நின்றுவிடக் கூடாதே!

கே: மானியத்தை அள்ளிக் கொடுத்தால் புதுமை தானாக வந்துவிடாதா?

ப: வரும், ஆனால் எதற்குக் காசு கிடைக்கிறதோ அந்தப் பக்கமாக வரும். சீனாவில் 2013 முதல் சில ஆண்டுகள் மின்பேருந்துக்கு மானியத்தை நீளம் பார்த்துத்தான் கொடுத்தார்கள். 6 மீட்டரிலிருந்து 8 மீட்டருக்குள் இருந்தால் 3 லட்சம் யுவான். பல நகரங்கள் தங்கள் பங்குக்கும் மேலே போட்டன. நீங்கள் தயாரிப்பாளராக இருந்தால் என்ன செய்வீர்கள்? 6 மீட்டரைத் தொட்ட மாதிரி ஒரு குட்டி பஸ்! ஓடாத வண்டிக்கும் கணக்குக் காட்டி வாங்கியவர்கள் உண்டு. 2016-ல் இப்படிச் செய்த ஐந்து நிறுவனங்களின் மோசடியை நிதி அமைச்சகமே வெளியே சொன்னது. அடுத்த ஆண்டு அளவுகோலை மாற்றினார்கள். உதாரணமாக, கார் பேட்டரி தன் எடையில் ஒரு கிலோவுக்கு 90 வாட்-மணி மின்சாரமாவது தாங்கினால்தான் காசு, 120-ஐத் தாண்டினால் கூடுதல். நீளத்தை விட்டுவிட்டு எல்லோரும் பேட்டரி வேதியியலில் இறங்கினார்கள்.

கே: ஊருக்கு ஊர் விதி மாறினால் கம்பெனிக்குத் தலைவலிதானே?

ப: தலைவலிதான். பெய்ஜிங், பிளக்-இன் ஹைப்ரிட்டை, அதாவது பிளக்கில் மாட்டி சார்ஜ் ஏற்றலாம், பெட்ரோலிலும் ஓடும் என்ற காரை, மின்வாகனக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஷாங்காயோ 2022 முடியும்வரை அதற்கும் நம்பர் பிளேட்டை இலவசமாகத் தந்தது. மற்ற கார்களுக்கு அங்கே பிளேட்டை ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். ஒரே நாட்டில் இரண்டு சந்தை. உள்ளூர் கம்பெனியைக் காப்பாற்றத்தான் இப்படி விதி போடுகிறார்கள் என்ற முணுமுணுப்பும் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை.

கே: சீனாவின் ஷென்ஜென் நகரத்தில் பேருந்து எல்லாம் மின்சாரமாம். வாங்கி ஓட்டினார்கள், அவ்வளவுதானே? இதில் கண்டுபிடிப்பு எங்கே வந்தது?

ப: 2017 முடிவதற்குள் 16,000-க்கும் மேல் மாற்றினார்கள். பெரும்பாலானவை அந்த ஊர்க் கம்பெனியான பிஒய்டி தயாரித்தவை. எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு பேருந்துக்குள் இல்லை, பணிமனையில் இருக்கிறது. இத்தனை வண்டிக்கும் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் இரவு நேரத்திலேயே சார்ஜ் ஏற்றி முடிக்க வேண்டும். எந்த வண்டி எப்போது பிளக்கில் மாட்டப்படும் என்பதே தனிக் கணக்கு. விலைச் சுமையைத் தாங்க வண்டியை நேரடியாக வாங்காமல் குத்தகைக்கு எடுக்கும் ஏற்பாட்டையும் செய்துகொண்டார்கள்.

கே: சீனாவின் ஹெஃபெய் நகரம் மாதிரி அரசே கம்பெனியில் பங்கு வாங்கலாமா?

ப: 2020-ல் நியோ என்ற மின்கார் கம்பெனி தள்ளாடியபோது ஹெஃபெய் தரப்பு முதலீட்டாளர்கள் 700 கோடி யுவான் போட்டார்கள், பிழைத்தது. அதைப் பார்த்து எல்லா ஊரும் சூதாட வேண்டாம்.

கே: விதி போட்டுத் தோற்றதே இல்லையா?

ப: உண்டு. கலிபோர்னியா ஊராட்சி இல்லை, மாநிலம், இருந்தாலும் சொல்கிறேன். 1998-ல் பெரிய நிறுவனங்கள் விற்பதில் 2 சதவீதம் புகையில்லாத வண்டியாக இருக்க வேண்டும் என்று 1990-லேயே விதித்தது. பேட்டரி அதற்குத் தயாராக இல்லை, 1996-ல் அந்தக் கெடுவைக் கைவிட்டார்கள். ஆனால் விதியை முழுசாகக் குப்பையில் போடவில்லை. புகையில்லாத வண்டி விற்றால் புள்ளி, இலக்கைத் தாண்டியவர் மிச்சப் புள்ளியை மற்ற நிறுவனங்களுக்கு விற்கலாம் என்ற ஏற்பாடு நின்றது. பின்னாளில் டெஸ்லாவுக்குக் கைகொடுத்தது அந்த வருமானம்தான்.

கே: கஜானா காலி. சின்ன நகராட்சி என்ன செய்ய முடியும்?

ப: புதுக் குடியிருப்புக்கு அனுமதி தரும்போதே, கார் நிறுத்தும் ஒவ்வொரு இடத்துக்கும் மின்கம்பி போகிற மாதிரி வெறும் குழாயைப் பதிக்கச் சொல்லுங்கள். சார்ஜரை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம். கான்கிரீட் போட்ட பிறகு உடைத்துக் கம்பி இழுப்பதுதான் செலவு.