பாதிப் பகல், பாதி இரவு வேண்டாமே

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பள்ளியில் ஓவியக் கண்காட்சி வைக்கிறார்கள். தலைப்பு ‘எதிரெதிர்’. சார்ட் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் பகல், மறுபக்கம் இரவு என்று வரைய ஆரம்பித்துவிட்டாள். வகுப்பில் பாதிப் பேர் இதைத்தான் வரைகிறார்களாம். அதிகச் செலவில்லாமல் வேறு யோசனை உண்டா?
- வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: பகல், இரவு வரைவதில் தப்பே இல்லை. ஆனால் அதில் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை, விடை தெரிந்த கணக்கை மறுபடி போடுகிற மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதில் ஒரே பொருளிலிருந்து இரண்டு எதிரான விஷயங்கள் எப்படி வருகின்றன என்று தேடச் சொல்லுங்கள். அதற்கு மதுரையை விட்டு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

முதலில் ஒரு விடுமுறை நாளில் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே கருப்பு-சிவப்புப் பானைகளைப் பார்க்கலாம். உள்பக்கமும் வாய்ப்பகுதியும் கருப்பு, வெளியே கீழ்ப்பகுதி சிவப்பு. இரண்டும் ஒரே மண், ஒரே சூளை! கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் படுகிற இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கிறது, காற்றுப் போகாத இடம் கருக்கிறது என்று விளக்குகிறார்கள். வீட்டில் சூளை போட முடியாது, சரி, செம்மண்ணைக் குழைத்தும் அடுப்புக்கரியைத் தேய்த்தும், வேறு எந்த வண்ணமும் தொடாமல் ஒரு பானையை வரையட்டும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது சுங்குடி. அந்தச் சேலையில் இருக்கும் வெள்ளைப் புள்ளியை யாரும் வைப்பதில்லை, நூலால் இறுக்கிக் கட்டிய இடத்துக்குள் சாயம் போக முடியாததால் அது மிஞ்சுகிறது. வெள்ளைப் பருத்தித் துணி இரண்டு துண்டு வாங்கி, கஞ்சி போக அலசி, சின்னச் சின்னதாகக் கிள்ளி எடுத்து இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள் (கட்டு தளர்ந்தால் சாயம் உள்ளே போய்விடும், இதில் மட்டும் அவசரம் ஆகாது). துணியை நனைத்துவிட்டுச் சாயத்தில் முக்கி எடுத்து, அலசி, நிழலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். அப்புறம் ஒரு துணியை மட்டும் அவிழ்க்கட்டும். மற்றதைக் கட்டோடு, சுருங்கிய நிலையிலேயே பக்கத்தில் தொங்கவிடட்டும். சுருங்கியது, விரிந்தது, சாயம் ஏறிய இடம், ஏறாத இடம் என்று பார்க்கிறவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

சாயம் வேண்டாம் என்றால் நாயக்கர் மகாலுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும். காலையில் வெயில் சாய்வாக விழும்போது தூண்களை வரையாமல், நிழலை மட்டும் கருப்பாக நிரப்பச் சொல்லுங்கள். விட்ட வெள்ளைத் தாளே தூணாக எழுந்து நிற்கும்.

இன்னொன்று, மிக எளிது. ஒரே சாம்பல் நிறத் தாளில் இரண்டு சதுரம் வெட்டி, ஒன்றைக் கருப்பு அட்டையிலும் மற்றதை வெள்ளை அட்டையிலும் ஒட்டினால், கருப்பின் மேல் இருப்பது வெளுப்பாகவும் வெள்ளையின் மேல் இருப்பது அடர்த்தியாகவும் தெரியும். பிரான்ஸில் ஒரு நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவை நடத்திய ஷெவ்ரல் என்ற வேதியியலாளர், பக்கத்து நிறம் நம் கண்ணை இப்படி மாற்றுவதைப் பற்றி 1839-இல் ஒரு புத்தகமே போட்டார். அதே தாளில் மூன்றாவது சதுரம் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டால், வருகிறவர்கள் இரண்டு அட்டை மேலும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

எதை எடுக்கலாம் என்பதை மகளே முடிவு செய்யட்டும். அவள் ஏற்கெனவே வரைந்துவிட்ட பகல் இரவையும் தூக்கிப் போட வேண்டாம், நடுக்கோட்டை மட்டும் அழித்துவிட்டு அந்த இடத்தில் என்ன வரலாம் என்று கேட்டுப் பாருங்கள்.