வியாழக்கிழமையின் சந்தோஷம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஆச்சி போன ஆண்டு தவறிவிட்டார். 1938-இல் பிறந்தவர், தூத்துக்குடிக்காரர். முதலாண்டு நினைவுப் பூசைக்கு நாலு பக்கத்தில் ஒரு மலர் அச்சிடுகிறோம். ‘பக்தியின் உறைவிடம், குடும்பத்தின் விளக்கு’ என்று தலைப்பு யோசித்திருக்கிறேன். சரியாக இருக்குமா?

கடைசி ஆறேழு வருஷம் ஆச்சிக்கு ஞாபகம் பிசகிவிட்டது. செபமாலையில் அந்தந்தக் கிழமைக்குரிய தேவ இரகசியத்தை மாற்றிச் சொல்வார். மற்ற நாளெல்லாம் சரியாக வரும். வியாழனும் சனியும்தான் தவறிப்போகும். திருத்தினால் கோபம் வரும். அவர் செபம் சொல்வதை அக்கா செல்போனில் பதிவுசெய்து குடும்பக் குழுவில் போட்டிருந்தாள். அதை எழுத்தாக்கி, பிழையான சொற்களைத் திருத்தி, கடைசியில் அவர் முணுமுணுக்கும் சம்பந்தமில்லாத பெயர்களை நீக்கி மலரில் சேர்க்க எண்ணம். வெள்ளிக்கிழமைப் பட்டினி, பூசைக்கு முன் தண்ணீர்கூடத் தொடாத பிடிவாதம், இதையெல்லாம் எழுதலாமா? பிள்ளைகள் தவறாக நினைப்பார்களோ?

ஜெ.

அன்புள்ள தம்பி,

தலைப்பை அச்சகத்தில் கேளுங்கள், பத்து எடுத்துக் காட்டுவார்கள். உங்கள் கடிதத்தில் அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று கிடக்கிறது. எழுதிய நீங்களே அதைக் கவனிக்கவில்லை.

மற்ற நாளெல்லாம் சரி, வியாழனும் சனியும் மட்டும் தவறு என்கிறீர்கள். மறதி கிழமை பார்த்தா வரும்?

ஆச்சி சிறுவயதில் மனப்பாடம் செய்த கணக்கு இது: திங்களும் வியாழனும் சந்தோஷ தேவ இரகசியம் (சேசு, மாதா வாழ்விலிருந்து பத்து மணிக்கு ஒன்றாகத் தியானிக்கும் ஐந்து நிகழ்ச்சிகள்). செவ்வாயும் வெள்ளியும் துக்கம். புதன், சனி, ஞாயிறு மகிமை. 2002 அக்டோபரில் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் (இப்போது நீங்கள் யோவான் பவுல் என்கிறீர்கள்) ஒளியின் மறை உண்மைகள் என்று ஐந்தைப் புதிதாகச் சேர்த்தார். யோர்தானில் ஞானஸ்நானம், கானாவூர்க் கல்யாணம், இறையாட்சியை அறிவித்தது, மலையில் உருமாறியது, நற்கருணையை ஏற்படுத்தியது. இவற்றுக்கு வியாழன் ஒதுக்கப்பட்டது. வியாழனில் இருந்த சந்தோஷம் சனிக்குப் போயிற்று. சனியில் இருந்த மகிமைக்குப் புதனும் ஞாயிறும் போதும் என்றாயிற்று. ஆக மாறியவை இரண்டே கிழமை. எந்த இரண்டு என்று உங்கள் கடிதத்தையே எடுத்துப் பாருங்கள்.

அப்போது ஆச்சிக்கு 64 வயது. நாளுக்கு ஒரு செபமாலை, அதாவது 53 மணி என்று வைத்தாலும், மணிக்கு ஒன்றாக ஆண்டுக்கு 19,345 முறை மங்கள வார்த்தை ஜெபம். அதற்கு முன்பே ஐம்பது ஆண்டுப் பழக்கம் என்றால் ஒன்பதரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. விசேஷ நாட்களில் மூன்று வகையும் சேர்த்துச் சொல்வதற்கு ‘153 மணி செபம்’ என்றே பெயர். பதினைந்து பத்து, அதோடு தொடக்கத்து மூன்று. அந்த எண்ணுக்குள் நான்காவது வகைக்கு இடமே கிடையாது. புதியதைச் சேர்த்துக்கொள்வது அவரவர் விருப்பம் என்றுதான் பாப்பரசரின் மடலும் சொன்னது. ஆச்சி சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரைத் தப்பு தப்பு என்று திருத்தியிருக்கிறீர்கள். கோபம் வராமல் என்ன செய்யும்? கடைசி ஆறேழு வருஷம் என்கிறீர்களே, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காதுகொடுத்ததே அப்போதுதான் என்று தோன்றுகிறது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். குடும்பக் குழுவிலிருந்து இறக்கிய கோப்பில் பெரும்பாலும் அனுப்பிய தேதிதான் இருக்கும், பதிவான தேதி இருக்காது. அக்காவின் செல்போனில் மூலக்கோப்பைத் தேடி, தேதிக்குரிய கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். வியாழனன்று முதல் பத்தில் கபிரியேல் சம்மனசு (வானதூதர்) வந்தால் அது சந்தோஷம், பழைய கணக்கு. சனியன்று சேசு உயிர்த்தெழுந்தது வந்தால் அது மகிமை, அதுவும் பழைய கணக்கே. ஞாயிறு மட்டும் கொஞ்சம் சிக்கல்: திருவருகைக் காலத்து (கிறிஸ்துமஸுக்கு முந்தைய) ஞாயிறுகளில் சந்தோஷமும் தபசுகாலத்து (ஈஸ்டருக்கு முந்தைய) ஞாயிறுகளில் துக்கமும் சொல்லும் வழக்கம் முன்பு இருந்தது. அதையும் பார்த்த பிறகு, புதன்கிழமையில் துக்கம் வந்திருந்தால் மறதி என்று எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

பிழையான சொற்கள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்? “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே”, இதுதானே? பிரியதத்தம் என்றால் அருள். நீங்கள் “அருள் நிறைந்த மரியே” என்பதும் அதுவும் ஒன்றே. சர்வேசுரன் (கடவுள்), சேசு (இயேசு), இஸ்பிரீத்துசாந்து (தூய ஆவி), அர்ச்சியசிஷ்ட (புனித), எல்லாம் பழைய செபப்புத்தகத்துத் தமிழ். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் முடிந்த பிறகு செபங்களின் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. வாயில் ஊறியது மாறவில்லை. ஒரு எழுத்தைத் திருத்தினாலும் அது ஆச்சியின் செபமாக இருக்காது, உங்கள் செபப்புத்தகமாக ஆகிவிடும். பிள்ளைகளுக்குப் புரியாது என்றால் கீழே ஒரு வரி பொருள் போடுங்கள்.

எழுத்தாக்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும். கூட்டத்தோடு சொல்லும்போது தலைமை தாங்குபவர் முன்பாதி மட்டும் சொல்வார், மற்றவர்கள் “அர்ச்சியசிஷ்ட மரியாயே” என்று பின்பாதியை எடுப்பார்கள். செல்போன் ஆச்சியின் மடியில் இருந்திருந்தால் அவர் குரல் மட்டும் தெளிவாக விழுந்திருக்கும். பாதியை விட்டுவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். முடிவில் வரும் கிருபை தயாபத்து மந்திரத்தில் நீளமான சொற்றொடர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவர் வயதில் உங்கள் பங்குக் கோவிலில் யாராவது இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

தண்ணீர் விஷயம் பிடிவாதம் இல்லை. நன்மை (நற்கருணை) வாங்குமுன் நள்ளிரவு முதல் சொட்டுத் தண்ணீரும் கூடாது என்பது 1953 வரை சட்டம். ஆச்சி புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய காலம் அது. 1957-இல் மூன்று மணி நேரமாகவும் 1964-இல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. பட்டினி என்றும் எழுத வேண்டாம். ஒருசந்தி என்றால் ஒருவேளை மட்டும் வயிறாரச் சாப்பிடுவது. சுத்தபோசனம் என்றால் இறைச்சி விலக்குவது. இரண்டில் எது என்று வீட்டில் சமைத்தவர்களைக் கேளுங்கள். ஒருசந்திக் கடமை 59 வயதோடு முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு இருந்ததெல்லாம் அவராக விரும்பி இருந்தது. பிள்ளைகள் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

இனி அந்தப் பெயர்கள். சம்பந்தமில்லாத பெயர்கள்! செபமாலை முடிந்ததும் உத்தரிக்கிற ஸ்தலத்து (இறந்தோர் தூய்மை பெறும் இடத்து) ஆத்துமாக்களுக்காகப் பெயர் சொல்லி வேண்டுவது வழக்கம் என்பது உங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாதா? குடும்பத்தின் விளக்கு என்று தலைப்பு வைக்கிறீர்கள், குடும்பம் யார் யார் என்று அவர் தினமும் சொன்னதை வெட்டுகிறீர்கள். உங்களுக்குத் தெரியாத பெயர் என்றால் நீங்கள் பிறக்குமுன் போனவர். பிறந்து சில நாளில் போன குழந்தையாகவும் இருக்கலாம். வரிசையை மாற்றாமல் எழுதுங்கள். யாருக்குப் பின் யார் என்பதில் இறந்த முறையோ உறவு முறையோ இருக்கக்கூடும்.

பிறகு பங்குச் சாமியாரிடம் ஞானஸ்நானப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் பார்க்க அனுமதி கேளுங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடந்திருந்தால் மூத்த குழந்தையின் பெயர் தாத்தாவின் பங்கில் அகப்படாது, ஆச்சி பிறந்த பங்கில் இருக்கும். ஆச்சியின் பதிவையும் அங்கேயே பாருங்கள். திருமண விவரத்தை அதன் ஓரத்தில் குறிப்பது திருச்சபை விதி. வீட்டில் கூப்பிட்ட பெயரை வைத்துத் தேடினால் ஏமாறுவீர்கள். பழைய ஏடு லத்தீனில் இருந்தால் சூசை அங்கே யோசேபுஸ், இராயப்பன் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ். பெற்றோர் பெயரையும் ஞானத்தாய் தகப்பன் பெயரையும் ஒப்பிட்டுத்தான் உறுதி செய்ய முடியும். தேதி கிடைத்தவர்களுக்குத் தேதி போடுங்கள், கிடைக்காதவர்களுக்குப் பெயர் மட்டும் போதும்.

நாலு பக்கத்துக்குள் இது அடங்காது. எட்டுப் பக்கமாக்குங்கள். ஆறு என்றால் நடுவில் ஒற்றைத் தாள் வரும், பின் அடித்தாலும் கழன்றுவிடும்.