பெரிய பேனருக்கு எத்தனை பிக்சல் வேண்டும்?

கேள்வி: கண்காட்சி ஒன்றின் நுழைவாயிலுக்காக 10 அடி அகலமும் 6 அடி உயரமும் கொண்ட பேனர் அச்சிடவிருக்கிறோம். கையில் இருப்பது 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம். அளவு 6000க்கு 4000 பிக்சல். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இல்லாவிட்டால் படம் உடைந்துவிடும் என்கிறார் நண்பர். ஃபோட்டோஷாப்பில் 72 என்றிருப்பதை 300 என மாற்றிக் கொடுத்தால் போதுமா?

பதில்: மாற்ற வேண்டியதே இல்லை. 'ரீசாம்பிள்' பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு அந்த எண்ணை மாற்றினால் படத்தில் ஒரு பிக்சல்கூடக் கூடாது. 20 அங்குல அகலத்தில் அச்சிடலாம் என்ற குறிப்பு மட்டுமே கோப்பில் ஏறும். டிக்கை வைத்துக்கொண்டு மாற்றினால் மென்பொருள் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைக் கொண்டு இடைவெளிகளை நிரப்பும். கோப்பு பெரிதாகுமே தவிர, கேமரா பதிவு செய்யாத நுணுக்கம் அதனால் வந்துவிடாது.

300 என்பது கையில் வைத்துப் பார்க்கும் புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் உரிய கணக்கு. இயல்பான பார்வையுள்ள கண், ஒரு பாகையில் 60இல் ஒரு பங்குக் கோணத்துக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைப் பொதுவாகப் பிரித்தறியாது. அந்தக் கோணத்தில், பார்க்கும் தூரம் இடைவெளியைப் போல் 3438 மடங்கு. ஆகவே 3438ஐப் பார்க்கும் தூரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால், அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் போதும் என்பது கிடைத்துவிடும். ஓர் அடித் தூரத்துக்கு ஏறக்குறைய 287; 6 அடிக்கு 48; 10 அடிக்கு 29. உங்கள் படத்தை மேலும் கீழுமாகச் சற்று வெட்டி 6000க்கு 3600 ஆக்கினால், 120 அங்குல அகலத்தில் அங்குலத்துக்கு 50 பிக்சல் அமையும். எனவே 6 அடிக்கு அப்பால் நின்று பார்ப்பவர்களுக்கு இது தாராளம். நண்பர் சொல்லும் 300க்கு 36,000க்கு 21,600 பிக்சல், அதாவது 77 கோடிக்கும் மேல் தேவைப்படும். அந்தத் தூரத்தில் நிற்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால், மக்கள் உரசிக்கொண்டு போகும் ஒடுக்கமான வழியில் பேனர் வருமானால் நிலைமை வேறு: 2 அடித் தூரத்துக்கு 143 வேண்டும், உங்கள் படம் அதற்குப் போதாது.

கணக்கை நம்பத் தயக்கமாக இருந்தால், முகமோ கண் இமையோ உள்ள பகுதியில் 500க்கு 350 பிக்சல் அளவுக்கு வெட்டியெடுத்து, 10க்கு 7 அங்குலத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, 6 அடி தள்ளி நின்று பாருங்கள். பேனரில் அந்தப் பகுதி அதே அளவில்தான் வரும். என்னைக் கேட்டால், எந்தப் பெரிய அச்சுக்கும் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது என்பேன்.

எழுத்துகளையும் சின்னத்தையும் படத்தோடு சேர்த்துப் பிக்சலாக்கிவிடாமல் வெக்டராகவே (எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாத கோட்டு வடிவமாக) வையுங்கள். படத்தின் மென்மையைப் பொறுத்துக்கொள்ளும் கண், எழுத்தின் விளிம்பில் தெரியும் படிக்கட்டைப் பொறுக்காது. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, இத்தனை கணக்கும் வீணாகிவிடும்.

கேள்வி: அச்சு இயந்திரம் 1440 டிபிஐ என்கிறார்கள். படமும் அதற்கு ஈடாக இருக்க வேண்டாமா?

பதில்: வேண்டாம். அது இயந்திரம் ஓர் அங்குலத்தில் இடக்கூடிய மைப்புள்ளிகளின் எண்ணிக்கை. படத்தின் ஒரு பிக்சலுக்குரிய நிறத்தைக் காட்டவே பல வண்ணங்களில் பல மைப்புள்ளிகள் தேவைப்படுவதால், இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.