கூட ஒருவர் நிற்கட்டும்

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. அறிவுசார் குறைபாடு 50 சதவீதம் என்று சான்றிதழ் இருக்கிறது. சிறப்புப் பள்ளியில் படித்தான். வீட்டில் துணிகளை அழகாக மடித்து, நிறம் பார்த்து அடுக்குவான். அதனால் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்த்தோம். பத்தே நாளில் "சரிப்பட்டு வரமாட்டான்" என்று அனுப்பிவிட்டார்கள். அரசு வேலைக்குக் காத்திருப்பதா, வீட்டோடு வைத்துக்கொள்வதா?
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டாம், அம்மா. அவனுக்கு என்ன வேலை வரும் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மடிக்கத் தெரிந்த பையனை ஏன் அனுப்பினார்கள்? கூட்டம் உள்ள கடையில், "மேல் ரேக்கில் இருக்கிறதை இறக்கு, அந்தப் பச்சையைக் கொடு, அப்படியே கஸ்டமருக்குத் தண்ணி கொண்டு வா" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். அவன் முதல் வேலையைப் புரிந்துகொள்வதற்குள் மூன்றாவது வந்திருக்கும். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஓர் இடத்தில் பழகியதை இன்னோர் இடத்தில் செய்வது இவர்களில் பலருக்குச் சிரமம். அதனால் வேலை பார்க்கும் இடத்திலேயே கற்றுக்கொடுப்பதுதான் பலன் தரும். மடித்த சட்டை ஒன்றை மாதிரியாக மேஜையில் வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். சந்தேகம் வந்தால் இவரைக் கேள் என்று ஒரே ஆளைக் காட்டிவிட வேண்டும். முதல் சில வாரங்கள் பள்ளி ஆசிரியரோ, மாமாவோ கூட நின்று, அவன் பழகப் பழக விலகிக்கொள்ளட்டும். நீங்கள் நிற்க வேண்டாம். உங்கள் கை சும்மா இருக்காது, நீங்களே மடித்துக் கொடுத்துவிடுவீர்கள். பஸ்ஸுக்கும் இதே வழிதான்: முதலில் அவன் பக்கத்தில் உட்காருங்கள், அப்புறம் இரண்டு சீட் தள்ளி, அப்புறம் ஸ்டாப்பில் ஏற்றிவிட்டால் போதும்.

அரசு வேலைக்கும் பதிந்து வையுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீடு உண்டு. குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு இருக்கிறது. ஆனால் அதில் 1 சதவீதத்தைத்தான் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளவர்கள் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இவர்களுக்கு ஏற்றவை என்று அடையாளம் கண்ட பணியிடங்களும் வேண்டும். அதை மட்டும் நம்பி வருஷங்களைக் கழிக்காதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பயிற்சி, கடன் விவரங்களையும் கேளுங்கள். முட்டுக்காட்டில் உள்ள பன்முகக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் உங்களுக்குத் தூரம்தான். ஆனாலும் எந்த வேலை பொருந்தும் என்று ஆலோசனை கேட்க ஒருமுறை போய்வருவது நல்லது.

அந்தப் பழைய கடை முதலாளியிடமே திரும்பப் பேசிப் பாருங்கள். தீபாவளி நெருக்கடியில் வேண்டாம், பொங்கல் முடிந்து கடை ஆறுதலாக இருக்கும்போது போங்கள். "மடிக்கும் வேலை மட்டும் கொடுங்கள், கற்றுக்கொடுக்க எங்கள் ஆள் கூட வருவார்" என்று சொல்லுங்கள். சம்பளத்தையும் அப்போதே பேசிவிடுங்கள். டீச் செலவுக்கு ஏதோ தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மற்றப் பையன்களுக்கு மடிக்க என்ன கூலியோ, அதை அவன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.