வீட்டுக்கு வந்த பிறகும் ஓடிக்கொண்டிருப்பவருக்கு

கேள்வி: எனக்கு வயது 41. நான்கு வருடமாக ஓடுகிறேன். செவ்வாய் வேக ஓட்டம், புதன் இரவு நண்பர்களோடு ஐவர் கால்பந்து, வியாழன் 8 கி.மீ., வெள்ளி மாலை ஷட்டில், சனிக்கிழமை காலை எங்கள் குழுவோடு 5 கி.மீ., ஞாயிறு 18 கி.மீ. என்று வாரம் போகிறது. திங்கள் மட்டும் ஓய்வு. பத்து வாரத்தில் அரை மராத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். மூன்று வாரமாக இடது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது. வீட்டிலும் சரியில்லை. “நீங்க ஓடுறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. திரும்பி வர்ற ஆளைத்தான் யாருன்னு தெரியல” என்கிறாள் மனைவி. ஒன்பது வயது மகளின் நீச்சல் வகுப்புக்குப் போன மாதம் ஒருமுறைதான் போக முடிந்தது. குழந்தைக்குப் பால் எடுத்துக் கொடுத்துக்கொண்டே 268 மைல் பந்தயத்தை ஜெயித்த ஜாஸ்மின் பாரிஸால் முடியும்போது எனக்கு ஏன் முடியவில்லை? எதை விடுவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர் (கடிதம் சுருக்கப்பட்டது)

பதில்: உங்கள் கடிதத்திலேயே நல்ல வரி உங்கள் மனைவி சொன்னதுதான். நீங்கள் அதை அவசரமாகத் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஓடுவதில் அவருக்கு ஒன்றும் இல்லை. இதை நம்புங்கள். இணைப்பாக அனுப்பிய கடிகாரப் பதிவைப் பார்த்தேன். ஞாயிறு 18 கி.மீ., 1 மணி 35 நிமிடம். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 நிமிடம் 17 நொடி. சனிக்கிழமை 5 கி.மீ.யில் உங்கள் சிறந்த நேரம் 25 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்கு சரியாக 5 நிமிடம். முழு மூச்சையும் கொடுத்து 5 கி.மீ. ஓடும் வேகத்துக்கும், வாரத்தின் மிக நீளமான ஓட்டத்துக்கும் நடுவில் 17 நொடிதான் வித்தியாசம்! ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் செய்துகொண்டிருப்பது பயிற்சி இல்லை, கைதட்ட ஆளில்லாத ஒரு பந்தயம்.

அப்படி ஓடிவிட்டு வருகிறவர் வீட்டில் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி இருந்தவன்தான். வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றாமலே கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். குளிப்பார். சோபாவில் காலைத் தூக்கிப் போடுவார். யாராவது ஏதாவது கேட்டால் “ம்” என்பார். மதியம் மூன்று மணி வரை தூங்குவார். ஓடியது ஒன்றரை மணி நேரம், வீட்டுக்கு நஷ்டம் ஒரு முழு ஞாயிறு. உங்கள் மனைவி சொல்லும் “திரும்பி வர்ற ஆள்” இவர்தான்.

அதனால் ஞாயிறு ஓட்டத்தை விட வேண்டாம், மெதுவாக ஓடுங்கள். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 20 நொடி. பக்கத்தில் ஓடுகிறவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். இந்தக் கணக்கில் 18 கி.மீ.க்கு 1 மணி 54 நிமிடம் ஆகும், இப்போதைவிட ஏறத்தாழ 20 நிமிடம் கூடுதல். அந்த 20 நிமிடத்தை உங்கள் தூக்கத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், முந்தின இரவு சீக்கிரம் படுங்கள். முதல் இரண்டு வாரம் அவமானமாக இருக்கும். வழக்கமாக நீங்கள் முந்துகிறவர்கள் உங்களை முந்துவார்கள். ஆனால் பதினோரு மணிக்கு மகளோடு உட்கார்ந்து ஏதாவது விளையாடத் தெம்பு மிச்சமிருக்கும்.

இனி உடம்பின் கணக்கு. கால்பந்தையும் ஷட்டிலையும் “சும்மா விளையாட்டு” என்று தனிப் பெட்டியில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் காலுக்கு அந்தப் பெட்டி தெரியாது. ஐவர் கால்பந்தில் சட்டென்று பாய்வது, நிற்பது, திரும்புவது, மறுபடி பாய்வது. இது செவ்வாய்க்கிழமை வேக ஓட்டத்தின் முரட்டு அண்ணன். ஷட்டிலில் ஒரே காலை முன்னால் வைத்துத் திரும்பத் திரும்பத் தாவுகிறீர்கள். எண்ணிப் பாருங்கள்: செவ்வாய், புதன், வெள்ளி, சனி, ஞாயிறு, ஐந்தும் கடின நாட்கள். உடற்பயிற்சி ஆய்வாளர் ஸ்டீஃபன் சைலர் உலகத் தரத்து நெடுந்தூர வீரர்களின் பயிற்சியைப் பதிவு செய்து பார்த்தபோது, அவர்களின் பயிற்சிகளில் சுமார் 80 சதவீதம் எளிதான வேகத்தில்தான் இருந்தன. உங்கள் வாரம் அதைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டது மாதிரி இருக்கிறது. ஓடுவதே தொழிலாக இருக்கிறவர்கள் மெதுவாக ஓடுகிறார்கள், ஆபீசுக்குப் போகிற நீங்கள் தினமும் பறக்கிறீர்கள்.

கால் வலிக்கு வருகிறேன். இதை இன்றே செய்யுங்கள். கட்டை விரலால் முன்னெலும்பின் உள்பக்க விளிம்பைக் கணுக்காலிலிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் ஓட்டக்காரர்கள் ‘ஷின் ஸ்பிளின்ட்’ என்று சொல்லும் வகை. சுமையைக் குறைத்தால் அடங்கும். ஆனால் நாணயம் அளவு ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தால், ஒற்றைக் காலில் குதிக்கும்போது அதே இடம் பிடித்தால், இரவில் சும்மா படுத்திருக்கும்போதும் வலித்தால், ஓட்டம், பந்து, ஷட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் மயிரிழை விரிசல் ஆரம்பித்திருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம், அதனால் “எக்ஸ்ரே நல்லாத்தான் இருக்கு” என்று ஓடக் கிளம்பிவிடாதீர்கள். நான் அப்படிக் கிளம்பினேன். இரண்டு வாரம் ஓடினேன், மூன்று மாதம் உட்கார்ந்தேன். எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது முதலில் பழையதை அரித்து எடுக்கிறது, பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. அரிப்பது வேகம், கட்டுவது நிதானம். இடையில் இருக்கும் வாரங்களில் நாம் தினமும் போய்க் குதித்தால் என்ன ஆகும், நீங்களே யோசியுங்கள்.

எதை விடுவது என்று கேட்டீர்கள். செவ்வாயை விடுங்கள். புதன் கால்பந்து அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பயிற்சித் திட்டம் எழுதுகிறவர்கள் கால்பந்தைத்தான் முதலில் வெட்டச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. நாற்பதுக்கு மேல் வாரம் தவறாமல் பார்க்கும் நண்பர்கள் கிடைப்பது அரிது. வலி அடங்கும் வரை மட்டும் ஓரமாக நின்று ஸ்கோர் சொல்லுங்கள். ஷட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். வியாழன் 8 கி.மீ. அப்படியே இருக்கட்டும், ஆனால் அதுவும் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில்தான்.

சனிக்கிழமைக் குழுவை விட்டால் நீங்கள் வாடிப்போவீர்கள். கடிதத்தில் அந்தக் குழுவைப் பற்றி எழுதிய இடத்தில்தான் உங்கள் குரலே மாறுகிறது. ஆனால் ஒவ்வொரு சனியும் சொந்த நேரத்தை முறியடிக்க அங்கே போக வேண்டாம். இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கும் பார்க்ரன் 5 கி.மீ. ஓட்டம் 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பார்க்கில் தொடங்கியது. முதல் நாள் ஓடியவர்கள் 13 பேர். அதைத் தொடங்கிய பால் சின்டன்-ஹியூவிட் அப்போது காயத்தால் ஓட முடியாமல் இருந்தவர். ஓட முடியாவிட்டாலும் நண்பர்களைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அங்கே கடைசி ஆளோடு கூடவே நடந்து வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார், அதனால் ஓட வந்த யாரும் கடைசியாக வருவதில்லை. அந்த வேலையை உங்கள் குழுவில் மாதம் இருமுறை நீங்கள் எடுத்துக்கொள்ளலாமே. கால் வலி மருத்துவரிடம் போகவேண்டிய வகை இல்லையென்றால் நடப்பதால் ஒன்றும் ஆகாது. ஓட்டம் ஏழரைக்கு முடிந்தும் ஒன்பது வரை நின்று பேசுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீச்சல் வகுப்பு ஒன்பதுக்கு. இதற்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அரை மராத்தான்? வலி பரவலான வகையாக இருந்து, மூன்று வாரத்தில் அடங்கினால் ஓடலாம், நேரத்தை மறந்துவிட்டு. ஒரு வாரம் பத்து நாள் நிறுத்தினால் எல்லாம் போய்விடும் என்ற பயம் வேண்டாம், அந்த அளவில் உடல்திறன் பெரிதாகக் குறைவதில்லை. அடங்காவிட்டால் அடுத்த வருடம்.

ஜாஸ்மின் பாரிஸ் 2019 ஜனவரியில் ஸ்பைன் என்ற அந்த 268 மைல் பந்தயத்தில் ஆண்களையும் சேர்த்து எல்லோரையும் முந்தி, 83 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்தது உண்மை. எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் நீங்கள் பார்த்தது அவர் பந்தயத்தை, அவர் வீட்டு வாரத்தை இல்லை. இன்னொரு வீட்டின் வெற்றியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் சாட்சியாக நிறுத்தாதீர்கள். அந்த வாதத்தில் நீங்கள் ஜெயித்தாலும் தோற்றதுதான்.

இன்னொன்று. உங்கள் ஏழு நாளும் மணி நேரக் கணக்கோடு கடிதத்தில் இருக்கிறது. உங்கள் மனைவியின் வாரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அவருக்கென்று இருக்கும் நேரம் எது, நீங்கள் ஓடும்போது அவர் எதைப் பார்த்துக்கொள்கிறார், அவர் எதை விட்டுவிட்டார், ஒன்றும் தெரியவில்லை. “ஒரு மணி நேரத்துல வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து வருவது ஓட்டக்காரர்கள் எல்லோரும் சொல்லும் பொய், அதையும் அவர் நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இனி உண்மையான நேரத்தைச் சொல்லுங்கள். செவ்வாய் காலை இப்போது காலியாகிறது. அந்த நேரம் அவருக்கு வேண்டுமா, எதற்கு என்று கேளுங்கள். உடனே பதில் வராது, இரண்டு நாள்கூட ஆகலாம். கேட்ட கையோடு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.