மோரோவும் ரெதோனும் – கடிதம்

அன்புள்ள சார்,

சிம்பலிச ஓவியங்கள் பத்தி, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டுல கண்ணால பார்த்ததை விட்டுட்டு கனவையும் பயத்தையும் வரைஞ்ச பிரெஞ்சு ஓவியர்கள் பத்தி, நீங்க பேசினதைக் கேட்டுட்டு நெட்ல தேடித் தேடிப் பார்த்தேன். குஸ்தாவ் மோரோ படம் நகைப்பெட்டியைத் திறந்து வச்ச மாதிரி இருக்கு. ஓதிலோன் ரெதோன் வெறும் கரியில இருட்டா வரைஞ்சு வச்சிருக்கார். வெயிலும் வெளிச்சமும் அந்த நிமிஷம் தெரியற மாதிரி வரையற இம்ப்ரெஷனிசம்னா பார்த்ததும் தெரியுது, இவங்க ரெண்டு பேரையும் எப்படி ஒரே பேர்ல சேர்க்கறாங்க?

ர., கோவை

அன்புள்ள ர.,

நீங்க பார்த்தது சரிதான், ஸ்டைல்ல ஒத்துமை தேடினா கிடைக்காது. 1886 செப்டம்பர்ல ழான் மொரெயாஸ்ங்கற கவிஞர் ஃபிகாரோங்கற பிரெஞ்சுப் பத்திரிகைல சிம்பலிச அறிக்கை எழுதினாரே, அது கவிஞர்களை மனசுல வச்சு எழுதினது, ஓவியர்கள் மேல அந்தப் பேர் பின்னாடி வந்து ஒட்டிக்கிச்சு, மோரோவும் ரெதோனும் அதுக்கு முன்னாடியே அவங்கவங்க வழில ரொம்ப தூரம் போயிட்டாங்க. இம்ப்ரெஷனிஸ்ட்டுகளுக்கு எல்லாருக்கும் பொதுவா ஒரு வெயில், ஒரு ஆறு இருந்துச்சு. இவங்க வரைய நினைச்சது பயம், ஆசை, சாவு, கனவு. அது ஆளுக்கு ஆள் வேற இல்லையா, அப்ப கையும் வேறயாத்தான் ஆகும்.

ஒரு தலையை வச்சுப் பாருங்க. மோரோவோட 'தோற்றம்', 1876ல பாரிஸ் சலோன்ங்கற பெரிய ஓவியக் கண்காட்சில வச்ச வாட்டர்கலர்: ஆடினதுக்குப் பரிசா யோவான் ஸ்நானகனோட தலையைக் கேட்ட பைபிள் கதைப் பொண்ணு சலோமி கையை நீட்டிட்டு நிக்கறா, எதிர்ல யோவானோட வெட்டின தலை ஒளிவட்டத்தோட காத்துல மிதக்குது, ரத்தம் சொட்டுது. அதே காட்சியை ஆயில்லயும் பண்ணினார், அது பாரிஸ்ல அவர் வாழ்ந்த வீட்லயே இருக்கு, இப்ப அது மியூசியம். அந்த ஆயில்ல தூண்கள் மேல வெள்ளைக் கோட்டுல பொடிப் பொடியா உருவங்கள், ரொம்பப் பின்னாடி சேர்த்தது, கீழ இருக்கற கலரோட ஒட்டாம தனியா லேஸ் துணி போர்த்தின மாதிரி கிடக்கும். மோரோ இந்திய மினியேச்சர் ஓவியங்களைக்கூட உக்காந்து காப்பி பண்ணினவர், அந்த அடைசல் அவருக்கு அலங்காரம் இல்ல, பயமே அப்படித்தான் அவர்கிட்ட வருது, மூச்சு விட இடமில்லாம.

ரெதோன்கிட்டயும் மிதக்கற தலை உண்டு. 1882 லித்தோகிராஃப் (கல்லுல வரைஞ்சு அச்செடுக்கற படம்), ஒரு பெரிய கண்ணு பலூனா மேல போகுது, அதுக்குக் கீழ தட்டுல ஒரு தலை தொங்குது. கீழ தண்ணி, கொஞ்சம் செடி, அவ்ளோதான். கதை இல்ல, யார் தலைன்னும் தெரியாது. ஆனா அந்தச் செடி நிஜமான சதுப்புநிலச் செடி மாதிரியே இருக்கும், ஏன்னா பிரான்ஸ்ல போர்தோங்கற ஊர்ல அர்மான் க்ளவோன்னு ஒரு தாவரவியலாளர் அவருக்கு நண்பர், மைக்ராஸ்கோப்ல தெரியற உலகத்தை இவருக்குக் காட்டினவர் அவர். நடக்காத ஒன்ன உயிருள்ள மாதிரி காட்டணும்னா உயிர் எப்படி இருக்கும்னு தெரிஞ்சிருக்கணும், ரெதோனுக்கு அது தெரியும். என்னை ராத்திரில எழுப்பற படம் இதுதான், மோரோ இல்ல.

பூவி த ஷவான்ங்கற இன்னொரு ஓவியரோட 'ஏழை மீனவன்' (1881) படத்தையும் தேடிப் பாருங்க, வெளிறின கலர், தலை குனிஞ்ச ஒரு ஆள், ஒரு படகு. இது மூணாவது விதம்.

முடிஞ்சா இன்னொன்னும் பண்ணுங்க. மோரோ 1880 வாக்குல 'கலாத்தியா' வரைஞ்சார், கிரேக்கக் கதைல வர்ற கடல் தேவதை அவ, கடல் குகைக்குள்ள பூவும் பாசியும் நுணுக்கமா மண்டிக் கிடக்க அவ வெளிச்சமா உக்காந்திருக்கா, பின்னாடி இருட்டுல அவமேல ஆசை வச்ச ஒத்தைக்கண் ராட்சசன் பாலிஃபீமஸ் அவளையே பார்க்கறான். ரெதோன் அதே கதையை 1914 வாக்குல 'சைக்ளோப்ஸ்'னு (அந்த ஒத்தைக்கண் ராட்சச இனத்தோட பேர்) வரைஞ்சார், அப்ப அவர் கரியை விட்டுட்டுப் பல வருஷமா கலர்லதான் இருந்தார். பூ நிறைஞ்ச சரிவுல கலாத்தியா தூங்கறா, மலைக்குப் பின்னாலேந்து ஒரே ஒரு பெரிய கண்ணு எட்டிப் பார்க்குது. 1882ல மேல போன அந்தக் கண்ணு எனக்கு இங்க திரும்ப வந்த மாதிரி இருக்கு, அவளை எழுப்பிடக் கூடாதேன்னு தயங்கி நிக்குது.

அன்புடன்.