அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை?

அன்புள்ள ஐயா,

எங்கள் கொலுசுப் பட்டறையில் கொஞ்ச நாளாக ஒரே வாக்குவாதம். இரவு ஓடும் தொடரில், கொலை நடந்த அன்று கொழுந்தன் ரத்தக்கறைச் சட்டையோடு வீட்டுக்குள் நுழைவதை அண்ணி பார்த்துவிடுகிறாள். மாதக்கணக்கில் யாரிடமும் மூச்சு விடவில்லை. கண்ணால் பார்த்தவள் இப்படியா இருப்பாள், கதையை இழுக்கிறார்கள் என்கிறேன் நான். பக்கத்தில் பற்றவைக்கும் அக்கா, "வாயத் திறந்தா அந்த வீட்ல அவளுக்கு அடுத்த வேளை சோறு ஏது?" என்கிறார். யார் சொல்வது சரி?

வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

அக்கா சொல்லும் காரணம் முழுக்க நியாயம். ஆனால் அது அக்காவின் மனதில் இருக்கிறது, தொடரில் இல்லை. நானும் பார்க்கிறேன். மறுநாள் காலை அதே கொழுந்தனுக்கு அவள் தோசை வார்த்துப் போடுகிறாள். கை நடுங்கவில்லை, தட்டை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை, "இன்னொண்ணு வைக்கட்டுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறாள். விளம்பர இடைவேளை வரும்போதுதான் அவளுக்குக் கொலை ஞாபகம் வருகிறது.

மெதுவாகப் போவது குற்றமே இல்லை. 2007இல் டென்மார்க்கில் வந்த 'ஃபோர்பிரிடெல்சன்' முதல் சீசன் ஒரே கொலையை 20 எபிசோடு விசாரிக்கிறது, ஒரு எபிசோடுக்கு ஒரு நாள். கோபன்ஹேகன் மேயர் தேர்தலில் நிற்கும் ஹார்ட்மனின் பிரச்சாரக் காரில் ஒரு பெண்ணின் பிணம் கிடைக்கிறது. அன்று எங்கே இருந்தாய் என்று போலீஸ் கேட்டால் வாயே திறக்க மாட்டார். பதவி ஆட்டம் காண்கிறது, கைதாகிறார், அப்போதும் சொல்வதில்லை. பார்க்கிற நமக்கு எரிச்சல்தான் வரும். மனைவியை இழந்த துக்கத்தில் அவர் உயிரை விடப் போயிருந்தார் என்று பின்னால் தெரியும்போது, அதுவரை அவர் நடந்துகொண்டதெல்லாம் அப்படியே பொருந்துகிறது. காரணம் தெரியாத நாட்களிலும், அந்த மௌனத்துக்கு அவர் என்ன விலை கொடுக்கிறார் என்பது நம் கண் முன்னால் இருந்தது. நம் அண்ணி எதையும் இழக்கவில்லையே. ஒரு நாள் தூக்கம்கூடப் போகவில்லை.

கொலையாளியைச் சொல்லிவிட்டால் ஆட்கள் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று தொடர்க்காரர்கள் பயப்படுவதும் சும்மா இல்லை. 1990இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர் 'ட்வின் பீக்ஸ்', சேனல் நெருக்கியதால் இரண்டாம் சீசன் பாதியைத் தொடும் முன்பே கொலையாளியைக் காட்டியது. பார்ப்பவர்கள் குறைந்தார்கள், 1991இல் நின்றுபோனது. சரி, கொழுந்தன் விஷயத்தை இன்னும் ஒரு வருடம்கூட மூடி வைக்கட்டும். அண்ணியின் பயத்தை எதற்கு மூடி வைக்க வேண்டும்?

அக்காவிடம் ஒன்று கேளுங்கள். சோற்றுக்குப் பயந்த அந்தப் பெண்ணை அவர் எந்தக் காட்சியில் பார்த்தார்? சொன்னால் எனக்கும் எழுதுங்கள், அந்த எபிசோடைத் தேடிப் பார்க்கிறேன்.